தேரிக்கரை ஊற்று

இந்தச் சித்திரையில் குற்றாலம் போகும் சாலையில் அத்தான் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள். புதுக் கீற்று, மணலில் பதித்த பானைகள், நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. திறப்பு நாளன்று அக்காவோடு போய் நின்றேன். வெயிலில் வந்த வண்டிக்காரர்கள் வயிறு நிறையக் குடித்துவிட்டு, பலகையை அண்ணாந்து பார்த்து, "மகராசன்" என்றார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பலகையை நிமிர்ந்து படிக்கக் கூசியது.

அத்தான் என் அக்காவின் கணவர். தென்காசியில் மரக்கடை வைத்திருந்தார். அவர் கெட்டவர் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர். வயசுப் பெண்ணை மதுரைக்கு அனுப்பி மருந்து கலக்கும் படிப்பா என்று தெருவே பேசியபோது, என் டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் தூக்கி வந்து ரயிலில் வைத்தவர். நான் இன்று ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக நிற்பது அவரால். ஆனால் அவர் ஒரு பெண்ணுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் சம்பந்தப்பட்ட வாக்கு. அது என்ன ஆயிற்று என்பது முழுசாக அவருக்கும் அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் போய்விட்டார். பந்தலில் நின்றபோது, அதை எழுதி வைக்க வேண்டியவள் நான்தான் என்று பட்டது.

யுத்தம் வருவதற்கு முந்தின கோடை அது. அத்தானின் காருக்குப் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. நான் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒருநாள் அத்தான் கடையிலிருந்து வந்து, "கடலைப் பாத்து எத்தனை வருசமாச்சு? மலையில மரம் வெட்டப் போடுத கூடாரம் சும்மாதான் கெடக்கு. தேரியத் தாண்டி, ஆளில்லாத கடக்கரையா பாத்து ரெண்டு நாள் படுத்துக் கெடப்போம்" என்றார். சாமான்களைக் குறித்துவைக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அதில் பெருமை. கூடாரம், முளைகள், ஸ்டவ், மண்ணெண்ணெய், புளியோதரைக்குத் தனிச் சம்படம், எள்ளுத் துவையல், அரிக்கேன் விளக்கு, நல்லெண்ணெய், சீயக்காய், பஞ்சு, டிங்சர் அயோடின். தண்ணீருக்கு ஒரு கூஜா போதும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தண்ணீரை யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். வாய்க்கால் இல்லாத தெருவை நான் அதுவரை பார்த்ததில்லை. போகிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்பது, போகிற இடத்தில் தரை இருக்கும் என்பது போலத்தான்.

திருநெல்வேலி தாண்டித் திருச்செந்தூர்ச் சாலையில் போய், அதற்கும் தெற்கே தேரிக்குள் இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய வரை செம்மணல். காற்று அதை மேடும் பள்ளமுமாக அடித்து வைத்திருந்தது. இடையிடையே பனைகளும் உடைமரங்களும். சக்கரம் புதைந்து, கார் கொதித்து நின்றது. கூஜாத் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டர் குடித்தது. தள்ளியும் உருட்டியும் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது எங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கூடாரம் அடிக்கும் சத்தம் கேட்டு ஒரு பெண் மணல்மேட்டில் ஏறிப் பார்த்தாள். பனையேறும் குடும்பங்கள் சில அந்த மேட்டுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பச்சை ஓலையில் ஆளுக்கொரு புதுப் பட்டை மடித்து, நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தாள். இளநீரை விட ருசியாக இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஊற்று இருப்பதையும் காட்டினாள். ஆள் உயரத்துக்குத் தோண்டிய குழி. அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெளிந்த நீர். "வேணுங்கத எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நாங்க சாயங்காலம்தான் வருவோம்" என்றாள்.

அன்று மாலை அத்தானைப் போல ஓய்ந்து கிடந்த மனிதரை நான் கண்டதில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரமணலில் மல்லாந்து கிடந்தார். அலை வந்து காலை நனைக்கும்போதெல்லாம் சிரித்தார். அக்கா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் வெளியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை அருவிக்குப் போகிறவர்கள் போலவே தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலில் இறங்கினோம். உப்புத் தண்ணீரில் எண்ணெய் போகவில்லை. சீயக்காய் களிமண் போல முடியில் அப்பிக்கொண்டது. "ஊத்து இருக்கும்போது எதுக்கு இந்த அவஸ்தை?" என்று அத்தான் வாளியை எடுத்தார். குழிக்குள் இறங்கி அவர் மொண்டு தர, அங்கேயே அக்காவும் நானும் குளித்தோம். எங்களுக்கு அப்புறம் அவர். அப்புறம் துணிகள். உப்புக்காற்றுப் பட்டால் காரின் பளபளப்பு போய்விடும் என்று கடைசியில் காரையும் கழுவினார். குழியில் நீர் வற்ற வற்றக் கையால் மணலைத் தோண்டி, "பாரேன், சுரக்குது!" என்றார் குழந்தை மாதிரி.

சாயங்காலம் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். நாங்கள் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு ஒன்றும் கேட்காததால் நான் மேட்டில் ஏறிப் பார்த்தேன். குழியைச் சுற்றிக் குடங்களை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடியில் சேறு. சேற்றின் மேல் எண்ணெயும் சீயக்காய் நுரையும். அத்தானும் பின்னாலேயே வந்து நின்றார்.

வயதான ஒருத்தி, எங்களுக்குத் தண்ணீர் தந்தவளைப் பார்த்து, "ஏட்டி, ஒன் விருந்தாளுவ வந்த காருக்கும் தாகமோ?" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

"அவியளுக்குத் தெரியாதுல்லா, விடு மைனி. விடியுதுக்குள்ள ஊறிரும்" என்றாள் அவள்.

"அதுவரைக்கும் பிள்ளைகள்லாம் எச்சிலை முழுங்கட்டும்" என்றாள் கிழவி.

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்த இடத்தில் கொடுக்கத்தான் தெரியும். "எங்க ஊருக்கு வாங்க தாயி. குத்தாலத்துல ஐந்தருவி இருக்கு. யானை தும்பிக்கை கனத்துக்குத் தண்ணி விழும்" என்றார்.

"ராத்திரியிலயுமா விழும்?" என்று தண்ணீர் தந்தவள் கேட்டாள்.

"ராவும் பகலும் விழும்."

"ராத்திரி ஆரு பிடிப்பா?"

கேலியில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அத்தான் குனிந்து குழியைப் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்து, "நீ வா. சாரல் தொடங்கினதும் வா. தென்காசியில மரக்கடை அண்ணாச்சி வீடு எங்கனன்னு கேட்டா யாரும் காட்டுவாவ. எங்க வீட்டுல சாப்பிடு. நானே கார்ல கூட்டிட்டுப் போயி அருவியக் காட்டுதேன். இது சத்தியம்" என்றார். அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. விடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துப் புறப்பட்டுவிட்டோம். வழியெல்லாம், "அந்தப் பிள்ள வந்தா ஒரு குறையும் வைக்கக் கூடாது" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவள் வந்தாள். அந்த ஆடியிலேயே வந்தாள்.

அன்று செங்கோட்டையிலிருந்து மர வியாபாரிகள் இருவர் வந்திருந்தார்கள். பெரிய பேரம் ஒன்று முடியும் நேரம். கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நெய்க் கிண்ணத்தோடு நின்றேன். வாசலில் குரல் கேட்டது. "அண்ணாச்சி இருக்காவளா? தேரிக்கரையிலேருந்து வந்திருக்கோம்னு சொல்லுங்க."

அக்கா நடையில் நின்று பார்த்துவிட்டு, "ஆருக்கு ஆரு அண்ணாச்சி?" என்றாள், உள்ளே கேட்கும்படி. வியாபாரிகளில் ஒருவர் சோற்றைப் பிசைந்தபடியே, "என்ன அண்ணாச்சி, எங்களுக்குத் தெரியாம தேரிக்காட்டுல ஒரு தங்கச்சியா?" என்று சிரித்தார்.

அத்தான் இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கருப்பட்டிக்காரியா இருக்கும். போற வழியில வாங்கினோம்" என்றார். பிறகு என்னிடம், "ஏ பிள்ள, தண்ணி கேட்டா குடுத்து அனுப்பு."

நான் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கையில் ஓலைக்கொட்டானோடு நின்றாள். மஞ்சள் பூசிக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். அவள் புருஷன் தெருமுனையைத் தாண்டி வரவில்லை. எங்கள் வீட்டில் அவர்களைப் போன்றவர்களுக்குப் பாத்திரத்தைக் கையில் கொடுப்பதில்லை, மேலேயிருந்து ஊற்றுவோம். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் நிற்கும்போதே, அவள் கொட்டானைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து இரண்டு கையையும் குவித்தாள். ஊற்றினேன். எங்கள் ஊரில் எல்லோரும் முழங்கை வழியே ஓடவிட்டுத்தான் குடிப்பார்கள். அவள் ஒரு சொட்டுக் கீழே விடவில்லை. செம்பு பாதியாகும் முன்பே, "போதும்மா" என்றாள்.

"அண்ணாச்சிக்கு வேலையோ?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ."

"சாப்பிடட்டும், சாப்பிடட்டும். அருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

கையை நீட்டிக் காட்டினேன். கருப்பட்டிக் கொட்டானை வாசற்படியில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

வியாபாரிகள் போன பிறகு அத்தான் வெகுநேரம் படியில் இருந்த கொட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாயும் நேரத்தில் காரை எடுத்து, "ஏ பிள்ள, வா, ஒரு நடை போயிட்டு வந்திருவோம்" என்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலச் சாலையில் பாதி தூரத்தில், எதிரே இருவர் நடந்து வருவது தெரிந்தது. அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. இடுப்பில் புதுக் கலயம். அருவிக்கரைக் கடையில் வாங்கியிருக்க வேண்டும். அது நிறைந்திருந்தது என்பது அவள் நடந்த நடையிலேயே தெரிந்தது. அத்தனை தூரத்துக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகிறாள்.

அத்தான் வேகத்தைக் குறைத்தார். அவள் அந்தக் காரை மறந்திருக்க முடியாது. புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் நின்றான். அவளும் நின்று, முகம் மலர்ந்து, காரைப் பார்த்தாள். எங்கள் பின்னால் ஒரு வில்வண்டி வந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். அத்தான் கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவருடைய கால் ஆக்ஸிலேட்டரை மறுபடியும் அழுத்துவதை நான் பார்த்தேன். கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது. இருந்ததோடு சரி.

சாலைக் குழியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைச் சக்கரம் வாரி அடித்தது. அவள் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கலயத்தின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சேறு முழுவதும் அவள் முதுகில் விழுந்தது. கலயத்தில் ஒரு துளி விழவில்லை.