செல்வி கேபினில் ஏறிய ஞாயிறு

காலையில் எஞ்சின் சூடேறும்போது கேபினுக்குள் ஒரு வாசனை கிளம்பும்... டீசல், வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட், கல் தூள். மூன்றும் கலந்த வாசனை. சட்டையை எவ்வளவு துவைத்தாலும் போகாது.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நான் பாதி லாரிக்காரன். வாரம் முழுக்க மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் சொந்த ட்ரெய்லர். செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஓனரும் நானே, டிரைவரும் நானே. செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு குவாரியில் கல் ஏற்றி, மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் இறக்குவேன். மற்ற நாட்களில் வண்டி கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கும்.

என் மனைவி செல்விக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

"ஆறு நாளு கம்பெனிக்கு. ஒரு நாளு இந்த வண்டிக்கு. அப்போ எனக்கு எந்த நாளு?"

"நீயும் வாயேன்... கல்ல இறக்கிட்டு அப்படியே பீச்சுக்குப் போலாம்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு நல்ல புடவை கட்டிக்கொண்டு, லெமன் சாதத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு லோடு ஒரே கல். கோயில் சிலைக்கு. ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு செயின் போட்டு இறுக்கியிருந்தோம். கிளம்பும்போதும் பார்த்தேன், திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தியபோதும் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

அந்த ஊரைத் தாண்டினால் ரோடு குறுகிவிடும். ஓர் ஏரிக்கரை மேல் ஏறி இறங்கும். இறக்கம் முடியும் இடத்தில் வலப்பக்கம் ஒரு வளைவு. வளைவின் இடது ஓரத்தில் பஸ் ஸ்டாப்.

கரை மேல் ஏறி, இறக்கத்தில் மூக்கை வைத்த நேரம்... பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

செல்வி இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இன்னாங்க... ஒரு செயினு தொங்கிகினு வருது."

"நல்லா பாரு."

"ஆமாங்க. கல்லு என் பக்கமா நவுந்துகினு கீது!"

செயினை இறுக்கும் கொக்கி உடைந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் கல் முன்னால் சறுக்கும். முன்னால் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அழுத்தாமல் விட்டால், வேகத்தோடு அந்த வலப்பக்க வளைவில் திரும்ப வேண்டும். கல் இடப்பக்கம் விழும்.

கீழே பஸ் ஸ்டாப்பில் ஜனம். சிமெண்ட் பெஞ்சில் நாலைந்து பொம்பளைகள், கூடைகள், மடியில் ஒரு குழந்தை.

கியரைக் குறைத்தேன். எஞ்சின் கதறியது. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். வேகம் குறைந்தது... ஆனால் போதவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். லாரி என்றால் ஹாரன் அடிக்கத்தான் செய்யும் என்று யாரும் அசையவில்லை.

அப்போது பார்த்து, இடது பக்கமாகவே ஒருத்தர் முந்திக்கொண்டு வந்தார். மீன் வியாபாரி. மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி.

செல்வி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"அண்ணே! கல்லு சாயுது! முன்னால போய் ஜனத்த ஓடச் சொல்லுங்க!"

"இன்னாம்மா?"

"கல்லுண்ணே! வுழப் போவுது! போங்க!"

அவர் ஒரு தடவை திரும்பி மேலே பார்த்தார். அவ்வளவுதான். பெட்டி குதிக்கக் குதிக்க மொபெட் பறந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். ஒரு பொம்பளை கூடையை எடுக்கக் குனிந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து வயலுக்குள் இழுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி ஓடினாள்.

வளைவுக்குள் நுழையும்போது வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது செயின் அறுந்தது. கல் இடப்பக்கம் சரிந்து விழ, ட்ரெய்லரின் மறுபக்கம் மேலே தூக்கி, 'தடால்' என்று மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது.

நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்தேன். கல் பஸ் ஸ்டாப்பில் கிடந்தது. பெஞ்ச் இல்லை. அது இருந்த இடத்தில் சிமெண்ட் தூள்தான்.

மீன்காரர் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னை அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். அந்தக் குழந்தையின் அம்மா ஒரு பாட்டில் தண்ணீரைச் செல்வியிடம் நீட்டினாள். "குடி, தாயி" என்றாள். செல்வி பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மீன்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சிற்பக்கூடத்தில் இருந்து ஸ்தபதி கிரேனோடு வந்தார். கல் நடுவில் பிளந்திருந்தது. "ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே? கல்லு மலைல நெறைய கீது" என்றார் அவர்.

எல்லாம் முடிந்து பீச்சுக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. மணலில் உட்கார்ந்தோம். வண்டியை விற்றுவிடச் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

லெமன் சாத டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இனிமே நீங்க தனியா போவக் கூடாது. நானும் வருவேன்."

வந்தாள். மூன்று வருஷம், கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும். அந்தக் கேபினில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு நர்ஸ் ஆக ஆசை இருந்தது என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அப்புறம் முதுகுவலி. டாக்டர் சொன்னதைக் கேட்டு வண்டியை விற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை முழுக்க லீவு. பயம் இல்லை, பதற்றம் இல்லை. சின்னதாக ஒரு கார் இருக்கிறது. ஹாலில் நான் ஒரு போன், ரூமில் அவள் ஒரு போன்...

போன வாரம் கேட்டேன். "செல்வி, மாமல்லபுரம் வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போலாமா?"

"கார்லயா?" என்றாள். "அதுல ஒக்காந்தா இன்னா தெரியும்? முன்னாடி போறவன் டிக்கிதான் தெரியும்."

அப்புறம் அவளே எழுந்து வந்து, கார் சாவி எங்கே என்று கேட்டாள்.