ஒரு சாண் எலாஸ்டிக்

என் மனைவியின் தையல் கூடத்தில் எனக்கு இஸ்திரி வேலை. முதலாளியம்மாவின் புருஷன் என்பதற்காக யாரும் எனக்குத் தனி நாற்காலி போட்டதில்லை. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், துணி வெட்டுவான். எட்டுப் பெண்கள் தைப்பார்கள். நான் கடைசி மேஜையில் தேய்த்து, மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்குவேன். என்னிடம் ஆலோசனை கேட்பாள். கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிராகச் செய்வாள். அப்படிச் செய்துதான் ஒற்றை மிஷினை எட்டாக்கினாள் என்பதால் நானும் ரோஷப்படுவதில்லை.

எங்கள் தொழிலில் மூன்று மாதம் மூச்சுவிட நேரமிருக்காது, அடுத்த மூன்று மாதம் ஈ ஓட்டுவோம். அந்த நாட்களில் யாராவது இரண்டு பேரை "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்ப வேண்டிவரும். அதைச் சொல்லிவிட்டு வருகிற நாளில் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் போல்ட் நட் செய்யும் தொழிற்சாலை ஒன்று நூற்று அறுபது சட்டைகள் கேட்டபோது எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சரக்கு போய்ச் சேர வேண்டும்; திருப்தியாக இருந்தால் அன்றைக்கே ஒரு வருஷ ஒப்பந்தம். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சட்டையும் சாதாரணச் சட்டைதான், ஒரு விஷயத்தைத் தவிர. சுழலும் மிஷின் பக்கத்தில் நிற்பவர்கள் போடுவது. முழுக்கையின் முனையில் எலாஸ்டிக் வைத்து மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் கடைசிக் கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், சும்மா இருக்க முடியாமல் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். கையைத் தூக்கினேன். சட்டைக்கை சரசரவென்று முழங்கை வரை இறங்கிவிட்டது.

"நல்லா காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் எழுந்து வந்து சட்டைக்கையின் முனையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். மூன்றாவது விரலும் போயிற்று. நேராகத் தம்பியின் மேஜைக்குப் போனாள்.

"எலாஸ்டிக் எவ்வளவுடா வெட்டினே?"

"நீ எழுதிக் குடுத்த மாதிரிதான்கா. ஒரு சாண்."

சொல்லிவிட்டு மேஜைமேல் கையை விரித்துக் காட்டினான். அவன் கை முறம் மாதிரி இருக்கும். அவள் தன் கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தாள். அவள் சாண் ஏழு அங்குலம். அவன் சாண் ஒன்பது.

இத்தனை வருஷமும் எலாஸ்டிக்கை அவளேதான் வெட்டினாள், தன் கையால் அளந்து. இந்த முறை வேலை அதிகம் என்று தம்பியிடம் கொடுத்தவள், சீட்டில் அப்படியே 'ஒரு சாண்' என்று எழுதிவிட்டாள். டேப்பை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாணால் அளக்கிற தையல்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெட்டி வந்த துண்டை இழுத்துப் பிடித்து இரண்டு வரி ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

"கொஞ்சம் லூஸ், அவ்வளவுதானே? குடுத்துடலாம். துவைச்சா சுருங்கிடும்" என்றேன்.

"எலாஸ்டிக் துவைச்சா தளருங்க. இத்தனை வருஷமா துணியோட இருக்கீங்க, இது தெரியாதா?"

மூக்குடைந்தது. அந்தக் கோபத்தில், "அப்ப முதல்ல உன் தம்பிகிட்டருந்து கத்தரிய வாங்கு" என்றேன். மச்சான் தலையைத் தொங்கப்போட்டான்.

"சீட்டு எழுதினது நான். அவன் கத்தரிய வாங்கினா, என் பேனாவையும் வாங்கணும்" என்றாள்.

பிறகு தன் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குங்க. பட்டன் புருஷன் படுத்த படுக்கையா கெடக்கறார். ஓவர்லாக்குக்கு ரெண்டு பிள்ளைங்க. இவங்களையெல்லாம் திரும்பவும் போயிட்டு வான்னு சொல்லணுமா? ஆனா லூசான கை மிஷின்ல மாட்டி ஒருத்தன் கை போச்சுன்னா, அதை நான் தைச்சுக் குடுக்க முடியுமா?"

பட்டன், ஓவர்லாக் என்பதெல்லாம் செய்கிற வேலையை வைத்து நாங்கள் வைத்த பெயர்கள். அவர்கள் பெற்றோர் வைத்தது எனக்கே மறந்துபோய்விட்டது.

அவள் தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டாள். அவர் மசியவில்லை. வெள்ளிக்கிழமை நூற்று அறுபதும் வராவிட்டால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்றார்.

"அப்ப குடுத்துருங்க சார். உங்க சட்டை திங்கக்கிழமை சரியா வரும்."

போனை வைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏற்கெனவே தேய்த்த சட்டையை எடுத்து மறுபடியும் தேய்த்தேன்.

"ராத்திரியும் உக்காந்தா வெள்ளிக்கிழமைக்கே முடிச்சிடலாம்கா" என்றான் மச்சான்.

"தூக்கக் கண்ணோட பிரிச்சா துணி கிழியும். வேணாம்டா."

முந்நூற்று இருபது கைகளைப் பிரித்து, எலாஸ்டிக்கை மாற்றி, திரும்பத் தைக்க வேண்டும். மச்சான் எலாஸ்டிக் முழுவதையும் டேப் வைத்து வெட்டிவிட்டு, பெண்களோடு பெண்ணாகப் பிளேடோடு உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். நான் ஒரு கையைப் பிரிப்பதற்குள் பட்டன் மூன்றை முடித்துவிட்டு, "அண்ணே, நீங்க தேய்க்கவே போங்க. உங்க ரத்தக் கறையை யார் துவைக்கிறது?" என்றாள்.

திங்கட்கிழமை கொண்டுபோனோம். சூப்பர்வைசர் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்து, எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுத் தலையாட்டினார். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையே கைமாறியிருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றார்.

"போட்டவருக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன். இவள் என் பெண்டாட்டி என்று அங்கே மிஷினில் நின்ற ஒவ்வொருவனிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்ததும் நடுவில் நின்று சொன்னாள். "ஒப்பந்தம் போச்சு. தப்பு என்னுது. இனிமே தலையணை உறை, பைன்னு சில்லறை வேலைதான் இருக்கும். இருக்கறதை எட்டாப் பிரிச்சாத்தான் எல்லாருக்கும் வேலை. அது பத்தாதுன்னு நெனைக்கறவங்க வேற எடம் பார்த்துக்கலாம். நான் வருத்தப்பட மாட்டேன்."

ஓவர்லாக் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பட்டன்தான் நிமிர்ந்தாள்.

"பேசி முடிச்சாச்சாக்கா? அப்ப மெயினைப் போடச் சொல்லுங்க. மணி ஒம்பதரை ஆகப்போகுது."

சுவிட்ச் என் மேஜைக்கு மேலேதான். எட்டி நான் போட்டேன்.