பேசாமல் இருந்த தவக்காலம்

என் மகன் ஜோயலுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. பசித்தால் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போவான். அம்மா என்று அழைத்ததே இல்லை. போன வருடத் தவக்காலத்தில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அன்பானவர்களே.

எங்கள் வீடு மயிலாப்பூரில். என் நாத்தனார் ஸ்டெல்லா வரும்போதெல்லாம், "எங்கண்ணனே லேட்டாத்தான் அண்ணி பேசுச்சு. இப்ப நிறுத்த முடியுதா, சொல்லுங்க?" என்பாள். நானும் சிரிப்பேன். அவள் படியிறங்கியதும் ஜோயலையே பார்த்துக்கொண்டிருப்பேன். காது கேட்கவில்லையோ? கூட்டத்தில் தொலைந்தால் பேர் சொல்லக்கூட வராதே. கோவில் தேர்ப்பவனிக்குக்கூட அவனைக் கூட்டிப்போக மாட்டேன். சோதனை செய்யவும் பயம். செய்தால் உண்மை தெரிந்துவிடுமே.

அதனால் ஒரு நேர்ச்சை செய்தேன். நான் வாய் ஓயாதவள். கீரைக்காரம்மாவே, "நீ வந்தாத்தாம்மா எனக்குப் பொழுது போவுது" என்பார். அந்தப் பேச்சையே ஆண்டவருக்குக் கொடுத்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை வீட்டில் தேவைக்கு மேல் வாய் திறப்பதில்லை. என் பேச்சை எடுத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் கொடும் என்று கேட்டேன்.

வீடு அடங்கிப்போனது. ஜோயல் தனக்குத்தானே எழுப்பும் சின்னச் சத்தங்களும் குறைந்தன. ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு மாலை கோவிலில் நற்கருணை முன் முழங்காலிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் என அழுதேன். எழுந்தபோது மனதில் ஒன்றுதான் நின்றது: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

அடையாறில் காது சோதனை. அவன் அப்பா மடியில் உள்ளே இருந்தான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி தரும் பெண் வீட்டு நிலவரம் கேட்டார். நேர்ச்சையைச் சொன்னேன்.

"ஐயோ, உங்க பேச்சுதாங்க அவனுக்கு இப்ப வேணும். செய்றதையெல்லாம் சொல்லிக்கிட்டே செய்ங்க. கொஞ்சம் நிறுத்தி அவன் முகத்தைப் பாருங்க. சொல்லு சொல்லுன்னு மட்டும் நெருக்காதீங்க."

நேர்ச்சையை முறித்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பங்குத்தந்தையிடம் ஓடினேன். "அந்த நேர்ச்சையை நான் மாத்தித் தரேன்மா. ஈஸ்டர் வரைக்கும் புள்ளகிட்ட பேசறதுதான் உன் தவக்கால ஒறுத்தல்," என்றார்.

பேசினேன். வெங்காயம் உரிப்பதை, துணி காய்வதை, வாசலில் பால்காரர் வருவதை. நிறுத்தினேன், காத்திருந்தேன். வாரம் தவறாமல் பயிற்சிக்கும் போனோம். ஈஸ்டர் போயிற்று. ஒரு சொல்லும் இல்லை. பயம் மட்டும் கூடவே இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, யோசனையில் தோசைக்கல்லை வெறுங்கையால் எடுக்கப் போனேன். பின்னாலிருந்து, "ம்மா. சுது."

என் கை அப்படியே நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இப்போது இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறான். பயிற்சி தொடர்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஜெபியுங்கள், உடனே கூட்டிக்கொண்டும் போங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் பயத்தோடுதான் போனேன். ஆண்டவர் அங்கேயும் இருந்தார்.