கேமரா கம்பத்தில் கட்டிய புடவை

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் எனக்குத் தகரக் கூரை உண்டு. அடிவாரத்திலிருந்து வேனில் ரெடிமேட் துணி ஏற்றிவரும் என்னைப் போன்றவர்கள் எல்லோரும் கூரைக்கு அடியில். மலைக்காரப் பெண்கள் எதிரே வெட்டவெளியில். இப்படிப் பிரித்து உட்காரவைத்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்பதுமில்லை.

எனக்கு நேர் எதிரே சீத்தாப்பழக்காரி. வாய் ஓயாது. "வெயிலு எங்க வூட்டுக்காரன் மாதிரிக்கா, மத்தியானத்துக்கு மேலதான் சுறுசுறுப்பு வரும்" என்பாள். சிரிப்போம். ஆனால் அந்த வெயிலில் பழம் குழைந்து வெடித்துவிடும். அப்புறம் அது ஆட்டுக்குத்தான். அதனால் அந்தப் பெண்கள் தங்கள் பக்கமும் ஒரு கூரை கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு சந்தை நாளில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது, எங்கள் வேனும் நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், நியாயமான கோரிக்கைதான் என்றார்கள், ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மகளுடைய பிரசவத்துக்காக நான் அமெரிக்கா போய்விட்டேன். பேரன் பிறந்த கொஞ்ச நாளில் அந்த ஊர் கொந்தளித்தது. போலீஸ் பிடியில் ஒரு கறுப்பின இளைஞன் செத்துப்போயிருந்தான். ஊர்வலம் போனார்கள், சில கடைகள் எரிந்தன. உடனே ஊரடங்கு. நான் கத்தரிக்காய் வாங்கும் கடை வாசலில் துப்பாக்கியோடு ராணுவக்காரர்கள். கத்தரிக்காய்க்கு இவ்வளவு காவலை நான் பார்த்ததில்லை.

மகள் வீட்டுக்குக் கீழே ஒரு கறுப்பின அம்மா குடியிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது, நடுவில் மகள். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அந்தத் தெரு எரிந்ததாம். பெரிய மனிதர்களை வைத்து அரசாங்கம் விசாரணைக் குழு போட்டதாம். பள்ளிக்கூடம், வேலை, வீடு எல்லாவற்றிலும் கறுப்பர்களுக்கு ஓரவஞ்சனை நடக்கிறது, அதுதான் காரணம் என்று குழுவே எழுதிக் கொடுத்ததாம். எல்லோரும் பாராட்டினார்களாம். கடைசியில் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்னவோ கூடுதல் போலீஸ் வண்டிகள்தான். பள்ளிக்கூடத்துக் கூரை அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது என்றார்.

ஊரடங்கு நேரம் வந்ததும் அவர் நாற்காலியைத் தூக்கிவந்து வாசல்படியில் போட்டு உட்காருவார். ஒருநாள் போலீஸ் வண்டி நின்றது. உள்ளே போகச் சொல்லி ஒலிபெருக்கியில் சத்தம். மகள் என்னை உள்ளே இழுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "இது என் வீட்டுப் படி. நீ எங்கே நிக்கிறேன்னு பாரு" என்று சொன்னதாக மகள் காதோரம் சொன்னாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டி போய்விட்டது.

நான் ஊர் திரும்பிச் சந்தைக்குப் போனால், மலைப் பெண்கள் பக்கம் புதிதாக ஒரு இரும்புக் கம்பம். உச்சியில் கேமரா. கூரையைக் காணோம். மறுபடி ரோட்டில் உட்கார்ந்தால் யார் யார் என்று தெரிய வேண்டுமாம். சீத்தாப்பழக்காரியிடம் அமெரிக்காக் கதையைச் சொன்னேன். பழம் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்தம்மா எழுந்திருக்கவே இல்லியாக்கா?" என்றாள். இல்லை என்றேன்.

அடுத்த சந்தையில் அவள் ஒரு பழைய ரோஸ் கலர் பூப்போட்ட புடவையைக் கொண்டுவந்தாள். கூட்டாளி ஒருத்தியைத் தோளில் ஏற்றி, ஒரு முனையைக் கேமராவை ஒட்டிக் கட்டவைத்தாள். மறுமுனையை இரண்டு கொம்பு நட்டு இழுத்துக் கட்டியதும் பழக்கூடைமேல் நிழல் விழுந்தது.

சந்தையைக் குத்தகை எடுத்தவர் போலீஸ்காரரோடு வந்தார். கேமராவை மறைக்கக் கூடாது, அவிழ்க்காவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து இங்கே அவளுக்கு இடமே கிடையாது என்றார். அவளுக்கு வேறு சந்தை கிடையாது. கூடையைச் சுமந்துகொண்டு மலை இறங்கிச் செங்கம் வரைக்கும் போனால் பழத்தில் பாதி நசுங்கிப்போகும். ஆனாலும் எழவில்லை.

"கூரை கேட்டோம் சார். கம்பம் குடுத்தீங்க. கம்பத்துல நாங்களே கூரை கட்டிக்கினோம். இதுல இன்னா தப்பு?"

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். குத்தகைக்காரருக்கு வரவில்லை. புடவையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார். இந்த முறை எனக்கு நடுவில் ஜன்னல் இல்லை. துணி மூட்டை போர்த்துகிற தார்ப்பாயை எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்தேன்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேலை? உனக்குத்தான் கூரை கீதே" என்றார்.

"கீது. அதான் ஒரு முனைய அதுல கட்றேன்."

என் தகரக் கூரையின் தூணில் ஒரு முனை, கேமரா கம்பத்தில் ஒரு முனை. பின்வரிசைப் பெண்களும் ஆளுக்கொரு சேலை, போர்வை, அரிசிச் சாக்கு என்று கொண்டுவந்து அதோடு சேர்த்து முடிந்தார்கள். எல்லோருக்குமா குத்தகைக்காரர் இடம் கிடையாது என்று சொல்லுவார்? திட்டிக்கொண்டே போனார்.

இந்த வாரமும் போய்க் கட்டினோம். நானும் அவளும் அதே இடத்தில்தான். தகரக் கூரை இன்னும் வரவில்லை, வரும்வரை கட்டுவோம். ஆபீசில் கேமரா வழியாக எங்களைப் பார்க்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்போது தெரிவது ரோஸ் கலர் பூ மட்டும்தான்.