சூளைக்கு வயது கேட்டு வந்த அம்மா

குழந்தைசாமி யாரையும் சட்டென்று நம்பமாட்டார். காய்காரி எடை போட்டால் தராசுத் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். யாராவது வலிய வந்து நலம் விசாரித்தால் அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருப்பார். மைசூர் மண்டி மொஹல்லாவில் அவர் குடியிருந்த சந்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. மனைவி ஜெசிந்தா மட்டும் சிரிக்கமாட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். இளவயதில் அவர் வேலை பார்த்த சுரங்கத்துக்குக் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்தார்கள், பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள், குழியை அளந்துகொண்டு போனார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் குழியை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் மைசூருக்கு வந்தார். ஊருக்கு வெளியே வெள்ளைக்கல்லைச் சுட்டுப் பொடியாக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே இருந்த சூளை, நட்டு வைத்த சூளை அல்ல. ஒரு தெருவின் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்புக் குழாய். உள்ளே நெருப்புச் செங்கல் பதித்திருக்கும். லேசாகச் சாய்ந்தபடி இரவும் பகலும் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல் வாயில் கல் விழும், கீழ் வாயில் நிலக்கரித் தூள் எரியும். நீலக் கண்ணாடி வழியாக அந்த நெருப்பைப் பார்த்து, கூட்டிக் குறைப்பதுதான் குழந்தைசாமியின் வேலை. அவரோடு அதே ஷிப்டில் நின்றவர் ராமாபுரத்துக் கந்தசாமி. வாய் ஓயாத மனிதர். குழந்தைசாமி சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று ஜெசிந்தா சொல்வாள்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஜேன். கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறவள். பெரிய இயந்திரங்களை எப்போது வாங்குகிறார்கள், எப்போது கழிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம். கதர்ப் புடவை கட்டியிருந்தாள். வெக்கையைப் பொருட்படுத்தாமல் சூளைக்குப் பக்கத்தில் வந்து நின்று, குழந்தைசாமியிடம் முதல் கேள்வி கேட்டாள்.

"இந்தச் சூளைக்கு என்ன வயசு இருக்கும்? இன்னும் எவ்வளவு காலம் ஓடும்னு நினைக்கிறீங்க?"

குழந்தைசாமிக்குச் சுரங்கத்துக்கு வந்தவர்கள் ஞாபகம் வந்தது. கோட்டுக்குப் பதில் கதர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். உலகச் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பாட்டு வேளையில் ஆட்களை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்த அம்மா என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, கன்னடத்தில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி என்றார். கந்தசாமிக்குத்தான் அது பெரிய தண்டனையாக இருந்தது. ஜேன் மரியாதையாகப் பேசியது அவருக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் குழந்தைசாமி சொன்னதற்காக, கேட்டதற்கெல்லாம் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்ற ஒரே பதிலோடு நின்றார்.

ஆனால் எல்லோருமே ஊமையாக இருந்தால் அந்த அம்மாவுக்கே சந்தேகம் வரும் என்று குழந்தைசாமிக்குப் பட்டது. அதனால் தான் மட்டும் பேசினார். பேசியதெல்லாம் பொய். சூளை நிற்பதே இல்லை என்றார். உண்மையில் கொஞ்ச காலத்துக்கு ஒரு முறை உள்ளே செங்கல் விழும். விழுந்த இடத்தில் இரும்பு வெளியே சிவந்து தெரியும். சூளையை அணைத்து, அது வளைந்துவிடாமல் கையால் சுற்றிக்கொண்டே ஆறவைக்க வேண்டும். அப்படிச் சிவந்து புடைத்த ஓர் இடத்தில் எண்ணெயும் கரியும் குழைத்துப் பூசி மறைத்தார். அவள் வரும் நேரம் பார்த்துக் கல்லைக் குறைத்துப் போட்டார். நெருப்பு அழகாக நின்றது.

இதற்குள் வேறொரு சங்கதி அவர் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஜேன் ஜெசிந்தாவின் பக்கத்தில்தான் உட்காருகிறாளாம், வெளியே வந்தும் இருவரும் நின்று பேசுகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் மனைவியை நிறுத்தி வைத்து விசாரித்தார். சூளையைப் பற்றி என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மீன் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டாள் என்று ஜெசிந்தா சொன்னதை அவர் நம்பவில்லை.

"சுரங்கத்துக்காரன் உங்களை ஏமாத்தினான். நான் என்னங்க பண்ணினேன்?" என்றாள் ஜெசிந்தா. அந்த வாரம் முழுவதும் அவரோடு பேசவில்லை.

வேலை முடிந்து கிளம்பும் நாளில் ஜேன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வந்தாள். குழந்தைசாமியால் பொறுக்க முடியவில்லை. சூளை நன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்த்தீர்களே, எழுதுவீர்கள்தானே என்று கேட்டுவிட்டார்.

ஜேன் ஒளிக்காமல் சொன்னாள். "நல்லா ஓடுது, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் தேய்மானம் பார்க்க வரல. இப்ப வெளிநாட்டுல செய்யற சூளை இதைவிட ரொம்பக் கம்மி கரியில இதே கல்லைச் சுடுது. அது வந்த அன்னைக்கே இது பழசாயிடுச்சு. துரு பிடிக்காம புதுசா இருந்தாலும் பழசுதான்."

"ஓடுறதை எதுக்கும்மா நிறுத்தணும்?"

"நிறுத்தணும்னு நான் சொல்லல. முதலாளிங்க எப்ப நிறுத்துவாங்கன்னுதான் படிக்கிறேன்."

அவர் பூசிய கரிக்கும் சொன்ன பொய்க்கும் அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. அது புரிந்தபோதும், இப்படிச் சொல்வதில்கூட ஏதாவது சூது இருக்குமோ என்றுதான் அவர் மனம் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்துப் புதுச் சூளை வந்தது. பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்கியது. முள் ஆடும் கடிகாரம்போல வரிசையாகக் கருவிகள் சுவரில் ஏறின. பாதி ஆட்களுக்கு மேல் வேண்டாம் என்று ஆயிற்று. குழந்தைசாமி தன் கணக்கு முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, புதுச் சூளைக்கு நீதான் என்றார். எல்லா ஆட்களிடமும் பேசிப் பார்த்தவள் என்பதால், பழைய ஆட்களில் யாரைப் பழக்கலாம் என்று உள்ளூரிலேயே இருந்த ஜேனைக் கேட்டபோது அவள் சொன்ன பெயர் குழந்தைசாமிதானாம். மற்றவர்கள் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்களே என்றார் மேனேஜர். கந்தசாமியின் பெயர் வீட்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குழந்தைசாமி ஜேனைத் தேடிப் போனார். தான் சொன்னதெல்லாம் பொய், அதை வைத்துத் தனக்கு வேலை கொடுத்தது தப்பு என்று சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள். "பூசின கரி என் புடவையில ஒட்டிக்கிச்சு. எங்க மறைக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சூளை எங்க கெடும்னு தெரிஞ்சவருக்குத்தானே அது தெரியும்? மத்தவங்ககிட்ட எதுவும் கேட்டு வாங்க முடியல. தெரியாதவங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

அவர்கள் வாயை அடைத்தது தான்தான் என்று அவளிடம் சொன்னார். அவள் முகம் வாடிப்போயிற்று. மேனேஜரிடம் போய்ப் பேசுகிறேன் என்றாள், பேசவும் பேசினாள். அதற்குள் ஆட்களை அனுப்பிவிட்டிருந்தார்கள்.

கந்தசாமி ஊருக்குக் கிளம்புமுன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எங்களையெல்லாம் பேசாதேன்னு சொல்லிப்போட்டு, நீ மட்டும் அந்தம்மாகிட்ட என்னத்தச் சொன்னே அண்ணா?"

குழந்தைசாமி நடந்ததை அப்படியே சொன்னார். சூளையைக் காப்பாற்றத்தான் பேசினேன், நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பேசினேன் என்றார். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தன்னிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவரே ஒரு வார்த்தைகூட நம்பியிருக்கமாட்டார். கந்தசாமி கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், போய்விட்டார்.

புதுச் சூளையில் குழந்தைசாமி ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். ஆலையில் மிச்சமிருந்தவர்கள் அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை மாற்றினார்கள். கந்தசாமி ராமாபுரத்தில் சுண்ணாம்புக் காளவாய் ஒன்றில் கூலிக்குப் போவதாகத் தகவல் வந்தது. ஒரு முறை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினார். குழந்தைசாமியும் ஜெசிந்தாவும் பஸ் ஏறிப் போனார்கள். கந்தசாமி வாசலுக்கு வந்து கும்பிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் குழந்தைசாமியை 'வாங்க' என்று அழைத்தது அன்றுதான். அதுவரை 'வா அண்ணா' என்பதுதான் வழக்கம். பந்தியில் தன் கையாலேயே பரிமாறினார். வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். பக்கத்தில் உட்காரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், கந்தசாமி மனசு மாறிவிட்டது, அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று ஜெசிந்தா சொன்னாள். இருக்கலாம் என்றார் குழந்தைசாமி. ஆனால் வீடு வந்து சேரும்வரை, ஏன் கூப்பிட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் வந்தார்.