ஏழாவது கேள்வி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில், முதல் பதில் எப்போதும் நாயிடமிருந்துதான் வரும். இந்த வேலை பார்த்தவர்கள் இதைப் படிக்கும்போதே கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியும்.

நான் மலாக்காவில் ஒரு நகராண்மைக் கழகத்தில் ஒப்பந்தக் கிராணி. எந்தக் கழகம் என்று கேட்காதீர்கள், ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஒரு தாமான் குடியிருப்புக்குப் பின்னால் பள்ளமாகக் கிடக்கும் செம்பனைக் காட்டை மண் கொட்டி உயர்த்தி, வரிசை வீடு கட்ட ஒரு நிறுவனம் மனுப் போட்டிருக்கிறது. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்துவிட்டுத்தான் கழகம் முடிவு சொல்லும். அதற்காகக் கேள்விப் பாரத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். அதே தாமானில் மூன்றாவது வரிசையில்தான் என் வீடு என்பதை நான் அலுவலகத்தில் சொல்லவில்லை.

போன ஜனவரியில் அந்தக் காடு நிரம்பி, மீதித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மகளுக்கு அப்போது மூன்று மாதம். சாரோங் தொட்டிலில் அவளைப் போட்டுவிட்டு நானும் மத்தியானம் அசந்துவிட்டேன். கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தண்ணீர். தொட்டிலின் அடித்துணி நனைந்திருந்தது. அவள் விழிக்கவே இல்லை. காட்டை உயர்த்திவிட்டால், அடுத்த மழையில் மீதி மட்டுமா வரும்? இதை எழுதும்போதும் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அங்கேயே இருக்கிறது.

பெண் பார்க்க வருகிறார்கள்

பாரத்தில் ஏழாவது கேள்வி: உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததுண்டா? முதலில் பக்கத்து வீட்டு மாணிக்கம் அங்கிளிடம் கேட்டேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜனவரியில் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின்ரோடு வரை நடந்தவரே அவர்தான். கேள்வியைக் கேட்டதும் வாசல் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். "இல்லன்னு போடும்மா. தண்ணி பூந்த வீடுன்னு தெரிஞ்சா, வர்றவன் சப்பாத்தைக்கூட கழட்ட மாட்டான்லா."

மேல் தட்டு அரிசி

முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் கேள்வியை இரண்டு முறை சொல்லச் சொன்னார். அவர் கடையில் அரிசி மூட்டைகள் இன்னும் மேல் தட்டில்தான் இருக்கின்றன. ஜனவரியில் ஏற்றியவர் இறக்கவே இல்லை. அதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். எலிக்குப் பயந்து என்றார். 'இல்லை' என்று எழுதினேன். என் கான்வென்ட் கையெழுத்தில் பொய்கூட அழகாகத்தான் தெரிந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்து மகளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "நனைஞ்ச அரிசின்னு ஒருத்தன் வாயத் தொறந்தா போதும் தங்கச்சி, நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

தீபாவளிச் சாயம்

எல்லாப் பாரத்திலும் 'இல்லை' என்றிருந்ததால் எங்கள் பொறியாளர் மேடம், புவான் ஜமிலாவுக்குச் சந்தேகம். நேரில் வந்தார். வெள்ளம் நின்ற சுவரில் பழுப்புக் கோடு இருக்கும், கோடு பொய் சொல்லாது என்றார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு.

ஆனால் தீபாவளி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்கள் கடன்பட்டாவது சுவருக்குச் சாயம் அடித்துவிடுவார்களே. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ஒரு வீடு ரோஸ். கோடு எங்கே இருக்கும்? புவான் ஜமிலா இரண்டு வரிசை நடந்து பார்த்துவிட்டு அளவு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலாயில் சொன்னார்: "இவ்வளவு அழகான தாமானில் வெள்ளம் வந்தது என்று நான் எப்படி எழுதுவது?"

நகராத சீர்

எங்கள் வீட்டிலும் சாயம்தான். அடித்தவர் என் கணவர். ஒரே ஓர் இடம் பாக்கி. என் அம்மா சீராகக் கொடுத்த தேக்கு அலமாரி. எங்கள் இருவராலும் அதை நகர்த்த முடியாது என்பதால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சுற்றித்தான் அடிப்போம். இரவுச் சோற்றின்போது அதைப் புவானிடம் காட்டப் போகிறேன் என்றேன். சொந்த வீட்டை மறைத்துக் கணக்கெடுத்தவள் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்றார் கணவர். தொட்டிலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். குழம்பைக் கிண்டியபடியே சொன்னார்: "டிசம்பர் கழியட்டும். புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதும் ரெண்டு பேரும் சேர்ந்து உண்மை பேசலாம்."

டிசம்பர் வரை மழை காத்திருக்குமா என்று அவரிடம் கேட்கவில்லை.

நான்கு பேர் தள்ளியது

மறுநாள் புவான் ஜமிலாவின் காரில் ஏறி, வழி மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். என் வீட்டு வாசலில் இறங்கியதும் இது என் வீடு என்றேன். அவர் முகம் மாறியது. ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவரை அறைக்குக் கூட்டிப் போனேன். மாணிக்கம் அங்கிளையும் காதர் பாயையும் கூப்பிட்டேன். எதற்கு என்று தெரியாமல்தான் வந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினோம்.

பின்னால் பழைய நீலச் சுவர். அதில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு. மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். புவான் டேப்பை எடுத்துக் கோட்டை அளந்தார். பிறகு, அவராகவே, தொட்டிலின் அடித்துணி இருக்கும் உயரத்தையும் அளந்தார். இரண்டும் ஒன்று. என் கையிலிருந்த பாரத்தை வாங்கிக்கொண்டு, இனி இந்தத் தாமானை நீ எழுதக் கூடாது, நான் எழுதுகிறேன் என்றார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசல் வரை போன மாணிக்கம் அங்கிள் திரும்பி வந்தார். "எங்க வீட்டுலயும் ஒரு அலமாரி நகராம நிக்குதும்மா. புவானைத் திங்கக்கெழம வரச் சொல்லு, மாப்ள வீட்டுக்காரங்க போயிருவாங்க."

கழகம் முடிவு சொல்லும் கூட்டம் அடுத்த மாதம். தாமான் முழுக்கக் கேள்வி கேட்டு நான் கண்டுகொண்டதெல்லாம், எங்கள் ஆட்களில் உண்மையைச் சொல்லும் துணிச்சல் நகர்த்த முடியாத அலமாரிகளுக்குத்தான் இருக்கிறது என்பதே.