இலைச்சாறு இல்லாத குழாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவியவரைப் 'பளபளக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் உடைத்தவை ஏழு குழாய்கள். கணக்கு என்னிடம் இருந்தது. பதிவேடு என் பொறுப்பு.

"அண்ணே, ஏழாவது உங்க முழங்கை பட்டு விழுந்தது. ஆறுன்னு திருத்துங்க" என்பார்.

சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவேன்.

அந்த ஆண்டு ஓர் இலைச்சாற்றைச் சோதித்தோம். ஒரு வகை பாக்டீரியாவிடம் யூரியாவை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. உடைந்தால் குழாயிலுள்ள மஞ்சள் நீர் இளஞ்சிவப்பாகும். சாறு நொதியைத் தடுத்தால் மஞ்சளாகவே நிற்கும். சாற்றை ஆல்கஹாலில் கரைத்திருந்தோம். தடுத்தது இலையா ஆல்கஹாலா என்று பார்க்க, சாறில்லாமல் அதே அளவு ஆல்கஹால் மட்டும் விட்ட குழாய் ஒன்றும் வைத்தோம். அது சிவந்தே ஆக வேண்டும்.

சிவக்கவில்லை.

தலைமை ஆய்வாளர் என்னைப் பார்த்தார். ஆல்கஹால் அளந்து விட்டவன் நான்.

"கழுவின அமிலம் ஒட்டியிருக்கும் மேடம். அதான் நிறம் மாறல." வாய் முந்திக்கொண்டது. 'குழாய் சரியாகக் கழுவப்படவில்லை' என்று பதிவும் செய்தேன். மறுவாரம் பளபளக்காவைத் தரை துடைக்க மாற்றினார்கள்.

மாதக் கடைசியில் பட்டியல்களைச் சரிபார்த்தேன். அன்று கழுவப் போட்டவற்றில், நான் ஆல்கஹால் அளந்த 1 மில்லி பிப்பெட் ஒன்று இருந்தது. சோதனைக்கு வேண்டியதோ 0.1 மில்லி பிப்பெட். பத்து மடங்கு ஆல்கஹால் விட்டிருக்கிறேன், பாக்டீரியாவே செத்திருக்கும். திருத்தப் பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

பதினோரு ஆண்டுகள், "காலைத் தூக்குங்கண்ணே" என்று அவர் என் மேசைக்கடியில் துடைத்தார். நானும் தூக்கினேன்.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகு, போன மாதம் மருந்துக்கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்ணே. கழுவ எடுத்தப்போ அந்தக் குழாய்ல குப்புன்னு ஆல்கஹால் வாடை."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே! நீங்க நிமிந்துகூடப் பாக்கல. 'எழுதியாச்சும்மா'ன்னீங்க."

எனக்கு அது நினைவிலேயே இல்லை.

"போகட்டும் விடுங்க. நான் சுத்தமாத்தான் கழுவினேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே. என்ன தப்பு பண்ணினேன்னு எம் பொண்ணு இன்னும் கேக்குறா."

அந்தப் பதிவேடு இப்போது இல்லை. பழையவற்றை அழிக்கும் பட்டியலில் கையெழுத்திட்டவனும் நானே. ஆகவே இங்கே எழுதுகிறேன்: குழாய் சுத்தமாகவே கழுவப்பட்டிருந்தது. அவர் உடைத்தவை ஆறு.